காஃபியில் இரண்டு எஃப்

அன்புள்ள ஐயா,
சின்னதாக ஒரு காஃபிக் கடை தொடங்குகிறேன். பெயர்ப்பலகையில் காஃபி என்ற ஆங்கிலச் சொல்லை மிஸ்ட்ரல் எழுத்துருவில், எல்லாம் பெரிய எழுத்தாக, தாராளமாக இடைவெளி விட்டு அமைத்திருக்கிறேன். அடியில் தமிழ்ப்பெயர், அதே சாய்வில். படம் இணைத்துள்ளேன். பழுப்பு நிறம் நன்றாயிருக்குமா, சிவப்பா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நிறம் உங்கள் இஷ்டம். முதல் கடை, ஆசையாகச் செய்திருக்கிறீர்கள். அதனால்தான் திட்டுகிறேன்.

மிஸ்ட்ரல் 1953-இல் வந்தது. பிரான்சின் மார்செய் நகரத்து ஒலிவ் அச்செழுத்து வார்ப்படச்சாலைக்காக வடிவமைப்பாளர் ரோஜே எக்ஸ்கோஃபோன் தன் கையெழுத்தை வைத்தே வரைந்தார். ஒவ்வொரு எழுத்தும் தனி ஈய அச்சு. கோத்தால் பேனாவை எடுக்காமல் எழுதியதுபோல் தெரியவேண்டும். அதனால் ஓர் எழுத்தின் வால் அச்சின் விளிம்பில் எந்த உயரத்தில் முடிகிறதோ, அதே உயரத்தில் அடுத்தது தொடங்கும். அவ்வளவு பாடுபட்டு ஒட்டியதை ஒரே சொடுக்கில் பிய்த்துவிட்டீர்களே! இடைவெளி விட்டால் வாலெல்லாம் அந்தரத்தில் தொங்கும். பெரிய எழுத்துகள் சொல்லின் தலையில் நிற்பவை, தங்களுக்குள் கைகோக்காது. முதலெழுத்து மட்டும் பெரிதாக, இடைவெளி பூஜ்யமாக வையுங்கள்.

இனி என்னை வெகுநாளாக அரிக்கும் விஷயம். அந்தச் சொல்லில் எஃப் இரண்டு, ஈ இரண்டு. எந்தக் கையும் அடுத்தடுத்து ஒரே எழுத்தை அச்சுக் குத்தியதுபோல் எழுதாது. கண் முதலில் பிடிப்பது அந்த இரட்டையைத்தான். பிடித்த உடனே 'இது கம்ப்யூட்டர்' என்று தெரிந்துவிடும். சில புதிய எழுத்துருக்களில் மாற்று வடிவங்கள் உண்டு, மென்பொருளில் அந்த வசதியை இயக்கினால் போதும். இல்லையென்றால் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் கன்ட்ரோல்-கியூ அழுத்திக் கோடுகளாக மாற்றுங்கள். இரண்டாவது எஃப்பின் கீழ்வாலைக் கொஞ்சம் நீட்டி, தலையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். இரண்டாவது ஈயின் கண்ணை, அதாவது உள்ளே இருக்கும் ஓட்டையை, சற்றுக் குறுக்குங்கள். வால் சேரும் இடத்தை மட்டும் தொடாதீர்கள், உயரம் மாறினால் படிக்கட்டு விழும். அளவுக்கு மேல் போனாலும் ஆபத்து: இரண்டும் வேறு வேறு ஆள் எழுதியதாகிவிடும்.

பிறகு மறக்காமல் 'வெல்டு' செய்து ஒரே உருவமாக்குங்கள். இது பலரும் விடும் படி. விட்டால் வினைல் வெட்டும் மெஷின் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடமெல்லாம் குறுக்கே வெட்டும். உரிக்கும்போது இணைப்புகள் துண்டு துண்டாகக் கழன்று வரும். வெளிக்கோடு கொடுத்தாலும் அதே கோளாறு.

தமிழ்ப்பெயரைச் சாய்க்கவே வேண்டாம். நம் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. நிமிர்ந்த எழுத்தை மென்பொருளில் 15 பாகை சாய்த்தால் உயரத்தில் இருப்பதுதான் அதிகம் நகரும். புள்ளி தன் எழுத்தை விட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். சாய்வாகவே வரைந்த தமிழ் எழுத்துரு கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் நேராகவே வையுங்கள்.

வெட்டக் கொடுப்பதற்கு முன் ஏ4 தாளில் கறுப்பில் அச்சடித்து எதிர்ச்சாரியிலிருந்து பாருங்கள். ஈயின் கண் அடைந்து தெரிந்தால் கொஞ்சம் திறந்துவிட்டு, திருத்திய படத்தை அனுப்புங்கள்.