எபேசியர் 5:22ஐ மட்டும் காட்டும் கணவர்

காபி தாமதமானால்கூட 'மனைவிகளே, உங்கள் கணவருக்குக் கீழ்ப்படியுங்கள்' என்று உங்கள் கணவர் காட்டும் அந்த வேதாகமப் பகுதி 22ஆம் வசனத்தில் தொடங்கவில்லை சகோதரி. 21ஆம் வசனம் 'ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்' என்கிறது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22இல் 'கீழ்ப்படியுங்கள்' என்ற வினையே கிடையாது. முந்தைய வசனத்திலிருந்துதான் அது வருகிறது.

பல வேதாகமப் பதிப்புகளில் 22க்கு மேல் தனித் தலைப்பு போட்டிருப்பார்கள். கல்யாண ஆராதனையிலும் பெரும்பாலும் அங்கிருந்தே வாசிப்பார்கள். குழப்பம் அதனால் இருக்கலாம்.

21 முதல் 33 வரை இருவரும் சேர்ந்து வாசித்துப் பாருங்கள். மனைவிக்கு 3 வசனம். 25 முதல் பேச்சு பெரும்பாலும் கணவனிடம்தான். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்தாரே, அதுதான் கணவனுக்கு வைத்த அளவுகோல். (காபி பற்றி ஒன்றும் இல்லை!)

ஆனால் கை நீட்டுகிறார் என்றால் வசன விளக்கம் உதவாது. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். இந்தியாவில் என்றால் பெண்கள் உதவி எண் 181க்கு அழைக்கலாம்.