வாக்குத்தத்த அட்டையும் வாரத் தவணையும்

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கை எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று நான்கு பேருமே கேட்டிருப்பதால் ஊர் மட்டும்தான்.

கேள்வி: ஸ்தோத்திரம் அம்மா. எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். என் வீட்டுக்காரர் பதினாறு வருஷம் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். பிப்ரவரியில் ஆவடிக்கு வந்தோம், இப்போது ஒரு குடோனில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார். வருஷப்பிறப்பு ஆராதனையில், வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் எழுதிக் கொடுப்பார்களே, எனக்கு வந்த அந்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11, "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, தினமும் சொல்லி ஜெபித்தேன். நவம்பர் வந்துவிட்டது, ஒன்றும் மாறவில்லை. "வீட்டில் ஏதோ தடை இருக்கிறது, மூன்று நாள் உபவாசம் போடுங்கள்" என்கிறார்கள் சபையில். சாட்சி நேரத்தில் வீடு வாங்கினோம், பிள்ளைக்கு சீட் கிடைத்தது என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்லும்போது தலை குனிந்துவிடுகிறது. இரண்டு மாதமாகப் போகவில்லை. என் விசுவாசத்தில்தான் குறையா?
— ஒரு சகோதரி, ஆவடி

பதில்: இல்லை மகளே. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உன் கடிதத்தில் அந்தக் கடைசி வரி மட்டும் பேனா அழுந்தி எழுதியிருக்கிறது.

இன்று ராத்திரி வேதத்தை எடுத்து அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசி. அது ஒரு கடிதம். நேபுகாத்நேச்சார் ராஜா பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதி அனுப்புகிறார். வீடு போய், தொழில் போய், ஆலயம் தூரமாகி, பாஷை தெரியாத ஊரில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அவர்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வந்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான். கேட்க எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். அது 29:10, உன் அட்டையில் இருக்கிற வசனத்துக்கு நேர் மேலே இருப்பது. அப்படியானால் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வார்த்தையை முதன்முதலில் காதால் கேட்டவர்களில் நாற்பது வயதுக்காரன் ஒருவன் இருந்திருந்தால், தான் ஊர் திரும்பப் போவதில்லை என்று அந்த நிமிஷமே அவனுக்குத் தெரிந்திருக்கும். அவனுக்கும் சேர்த்துத்தான் கர்த்தர் அதைச் சொன்னார், அவனுக்கு அது பொய்யாகிவிடவில்லை. டிசம்பர் 31க்குள் என்று ஒரு தேதியை நாம்தான் சேர்த்துக்கொள்கிறோம்.

அப்புறம், காத்திருக்கிற அந்த எழுபது வருஷமும் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஐந்தாம் வசனத்திலிருந்து இருக்கிறது: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த இடம். நீ ஆவடிக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது, ஒரு பழைய பெயிண்ட் வாளியில் மண் போட்டுக் கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறாயா? எதிர்வீட்டுப் பாட்டியின் மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியுமா? தயவுசெய்து வை, கேள். உன் வீட்டுக்காரர் பதினாறு வருஷம் பார்த்த வேலையை இழந்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல், ராத்திரி முழுக்கக் குடோன் வாசலில் விழித்திருந்து விடியற்காலையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறாரே, எரேமியா சொன்னபடி வாழ்கிறவர் அவர்தான் என்று நான் சொல்வேன்.

தடை விஷயம். எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அது வரைக்கும் சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்து, உன்னிடத்தில் ஏதோ இருக்கிறது என்று ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது, கடைசி அதிகாரத்தில் கர்த்தரே அவர்கள் பேசியது நிதானமானதல்ல என்கிறார். என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்தபோது ஜெபிக்க நிறையப் பேர் வந்தார்கள், காரணம் தேடிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். எனக்கு நினைவில் நிற்பது எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு வயதான அம்மாதான். தூக்குவாளியில் ரசம் கொண்டுவந்தார்கள், சிங்க்கில் கிடந்த பாத்திரத்தை எல்லாம் கழுவி வைத்தார்கள், என் குக்கர் விசில் அடிக்காமல் ஓரத்தில் ஆவி போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் புது காஸ்கெட் ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, தானே மாட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்குச் சோறு வேகும் சத்தத்தைக் கேட்டு நான் அழுத அழுகை கர்த்தருக்குத் தெரியும்.

உங்கள் மாவட்டத்துக் கதை ஒன்றும் சொல்கிறேன். டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார்கள். அதற்கப்புறம் 1951 ஜனவரியில் இறக்கும் வரைக்கும், ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அந்த ஒரு அறையும் கட்டிலும்தான். டோனாவூரில் ஜெபிக்க ஆள் இல்லாமலா போனது? அந்தக் கட்டிலில் இருந்துகொண்டே எழுதினார்கள், பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அடக்கம் செய்த இடத்தில் கல்லறைக்குப் பதிலாகப் பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு கல்தொட்டி இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை போ. கடைசி பெஞ்சில் உட்கார். பாட வராவிட்டால் பாடாதே. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் கேட்கிறது, அதையே உன் ஜெபமாக வைத்துக்கொள். என்றாவது தைரியம் வந்தால், "ஒன்றும் மாறவில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன்" என்று சாட்சி சொல். அந்தக் கூட்டத்தில் உன்னைப் போலத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள், அவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

கேள்வி: குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது அக்கா. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் இல்லை, சில நேரம் செத்துவிடலாம் போல இருக்கிறது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரை சாப்பிட்டால் கர்த்தரை நம்பவில்லை என்று அர்த்தம் என்கிறார் மாமியார். என்ன செய்ய?
— மதுரை

பதில்: தங்கச்சி, மாத்திரையைச் சாப்பிடு. தாய்ப்பால் கொடுக்கிறாய் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல், அவரைக் கேட்காமல் நீயாக நிறுத்தாதே. செத்துவிடலாம் போல இருக்கிறது என்று எனக்கு எழுதியதை அவரிடமும் அப்படியே சொல்ல வேண்டும், உன் வீட்டுக்காரரிடமும் இன்றைக்கே சொல்ல வேண்டும். ராத்திரி அந்த நினைப்பு வந்தால் 14416க்குப் போன் பண்ணு, டெலி மானஸ் என்கிற அரசாங்க உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

உன் அத்தைக்கு 1 இராஜாக்கள் 19ஐ வாசித்துக் காட்டு. வானத்திலிருந்து அக்கினியை இறக்கின எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். உனக்கு விசுவாசம் எங்கே போயிற்று என்று கர்த்தர் கேட்கவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பாடுதான் கொடுத்தான். கர்த்தர் பேசினதெல்லாம் அப்புறம் ஓரேப் மலையில். பவுலோடு போன லூக்காவை வேதமே பிரியமான வைத்தியன் என்கிறது, அதையும் சொல்.

உன் அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் பிள்ளை பெற்ற காலத்தில் இதை யாரும் நோய் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் குழந்தையை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அவர்கள் ஜெபிக்கட்டும், நீ தூங்கு.

கேள்வி: ஃபேக்டரியில் ஷிப்ட் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், மாதத்தில் மூன்று ஞாயிறு வேலை. ஆராதனைக்குப் போகாமல் இருப்பது பாவமா அம்மா?
— ஒரு தம்பி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: தம்பி, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக அறிவித்ததே 321இல்தான். அதற்கு முந்தி ஏறக்குறைய முந்நூறு வருஷம் விசுவாசிகள் அந்த நாளிலும் வேலைக்குப் போனவர்களே, அவர்களில் அடிமைகளும் உண்டு, விடியும் முன்னே கூடிப் பாடிவிட்டுப் போவார்கள் என்று பிளினி என்ற ரோம ஆளுநரே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் கூடுவதை மட்டும் அவர்கள் விடவில்லை. உன் ஹாஸ்டலில் இன்னும் இரண்டு பேரைக் கண்டுபிடி. ஷிப்ட் முடிந்து ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், ஒரு டீ. ஓய்வு கிடைக்கிற அந்த ஒரு ஞாயிறு தூங்கிப் போகாமல் சபைக்குப் போய், நான் இந்த மாதிரி வேலையில் இருக்கிறேன் என்று போதகரிடம் சொல்லி வை.

கேள்வி: வீட்டுக்காரர் இறந்து ஏழு மாதம் ஆகிறது அம்மா. முந்திரி ஆலையில் வேலை. மகளிர் குழுவில் வாங்கிய லோன் இருக்கிறது, வாரா வாரம் தவணை. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகத்தை முதலில் எடுத்து வைத்தால் தவணைக்குக் குறைகிறது, தவணை கட்டினால் தசமபாகம் இல்லை. தேவனை வஞ்சிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.
— மார்த்தாண்டம்

பதில்: தவணையைக் கட்டு அம்மா. பிள்ளைகளுக்குச் சோறு போடு.

2 இராஜாக்கள் 4இல் உன்னைப் போல ஒருத்தி இருக்கிறாள். புருஷன் இறந்துவிட்டான், கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகப் பிடிக்க வந்துவிட்டான். வீட்டில் இருந்தது ஒரு குடம் எண்ணெய்தான்; எலிசா தீர்க்கதரிசி சொன்னபடி இரவல் பாத்திரங்களில் வார்க்க வார்க்க அது குறையவில்லை. பாத்திரமெல்லாம் நிறைந்த பிறகு அவர் அவளிடம் என்ன சொன்னார்? எண்ணெயை விற்று உன் கடனைத் தீர், மீந்ததில் நீயும் உன் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆலயத்துக்கு இவ்வளவு எடுத்து வை என்று ஒரு வார்த்தை இல்லை. இன்னொன்றும் பார். உபாகமம் 14இன் கடைசியில் மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊர் வாசலில் வைக்கச் சொல்லியிருக்கிறது, ஆலய ஊழியம் செய்கிற லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாகும்படி. அந்தப் பட்டியலில் நீ கொடுக்கிற பக்கத்தில் இல்லை அம்மா, சாப்பிடுகிற பக்கத்தில் இருக்கிறாய். உன் சபை உன்னிடம் கேட்பதற்கு முன்னால் உனக்குக் கொடுத்திருக்க வேண்டும். இதை வாசிக்கிற சபை மூப்பர்கள் தங்கள் சபையில் தவணை கட்டிக்கொண்டிருக்கிற விதவைகள் எத்தனை பேர் என்று இந்த மாதக் கமிட்டியில் ஒரு கணக்கு எடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

கொடுக்க வேண்டும் என்று மனது தவித்தால், நம் அம்மாக்கள் உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாகப் போட்டு வைத்துக் கொண்டுபோவார்களே, அதைச் செய், போதும்.

லோன் பற்றிச் சில காரியம். மைக்ரோபைனான்ஸ் என்கிற சிறுகடனுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதிப்படி, வசூலுக்கு வருகிறவர்கள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ உனக்குப் போன் பண்ணக் கூடாது. மிரட்டக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. அப்படிச் செய்தால் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை. கடன் யார் பேரில், அதோடு இன்சூரன்ஸ் பிடித்தார்களா, அது உன் வீட்டுக்காரரையும் சேர்த்ததா என்று பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய்க் கேள், புருஷன் பேரும் அந்த இன்சூரன்ஸில் சேர்ந்திருந்து, அது தெரியாமலே கடனைத் தொடர்ந்து கட்டிக்கொண்டிருக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். விதவை உதவித்தொகைக்கு எழுதிப் போட்டாயா? இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போ, வேறு என்ன கேட்பார்கள் என்று அங்கேயே சொல்வார்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யாரையாவது கூட்டிக்கொண்டு போ.

தவணை எந்தக் கிழமை என்று நீ எழுதவில்லை. ஒரு போஸ்ட் கார்டில் எழுதிப் போடு, அந்தக் கிழமை காலையில் உன்னை நினைத்து ஜெபிக்கிறேன்.