ஹெம்ப் பயிர்: காகிதமும் துணியும் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஹெம்ப் என்பது சணல்தானே?

பதில்: இல்லை. கோணிப்பை நெய்யும் சணல் வேறு குடும்பத்துச் செடி. மணிலா ஹெம்ப் என்பதும் பெயரில்தான் ஹெம்ப்; அது வாழைக்கு உறவு. நாம் பேசுவது கஞ்சாச் செடியின், போதைப்பொருள் மிகக் குறைந்த நார் இரகங்களைப் பற்றி.

கேள்வி: ஒரு ஏக்கர் ஹெம்ப் நான்கு ஏக்கர் காட்டுக்கு ஈடு என்கிறார்களே, உண்மையா?

பதில்: 1916-இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட 404-ஆம் அறிக்கையில் இக்கணக்கு உள்ளது. ஆண்டுதோறும் 10,000 ஏக்கரில் ஹெம்ப் பயிரிட்டால், 40,500 ஏக்கர் காடு தொடர்ந்து தரக்கூடிய காகிதக் கூழ் கிடைக்கும் என்றது அது. ஆனால், நார் உரித்தபின் எஞ்சும் உள்தண்டை வைத்துப் போட்ட கணக்கு அது; பலர் அதைப் பட்டை நாரின், அதாவது தண்டின் வெளிப்பட்டையில் உரித்தெடுக்கும் நாரின், பெருமையாக எடுத்துச் சொல்கிறார்கள். தண்டின் எடையில் பெரும்பகுதி உள்தண்டுதான். அதன் இழை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமே இருக்கும். பட்டை நாரின் இழையோ சராசரியாக 20 மில்லிமீட்டர் வரை நீளும். எந்தப் பகுதியைச் சொல்கிறோம் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் நீண்ட நாரிலேயே எல்லாக் காகிதத்தையும் செய்யலாமே? மரத்தைக் காக்க உங்களுக்கு மனமில்லையா?

பதில்: மனம் நிறைய உண்டு, அதனால்தான் கணக்கில் கண்டிப்பாக இருக்கிறேன். நீண்ட இழை கூழில் முறுக்கிக் கட்டிக்கொள்ளும் என்பதால் அதை வெட்டி, நெடுநேரம் அரைக்க வேண்டும். மரத்தை ஆண்டு முழுவதும் வெட்டலாம்; ஹெம்பை அறுவடைக் காலத்தில் வாங்கி, இடத்தை அடைக்கும் தண்டுகளை நனையாமல் மாதக்கணக்கில் சேமித்தாக வேண்டும். இந்தச் செலவுகளால் பட்டை நார்க் கூழின் விலை மரக்கூழைப் போலப் பல மடங்காகிறது. சிகரெட் தாள் போன்ற மெல்லிய, உறுதியான தாள்களுக்கு அந்த விலை தகும், செய்தித்தாளுக்குத் தகாது.

கேள்வி: பருத்தி ஆலையில் ஹெம்பை நூற்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் நாரைப் பிரித்துப் பருத்தி இழையின் நீளத்துக்குக் குறுக்க வேண்டும். அதனால் ஹெம்பின் தனிச்சிறப்பான நீளம் போய்விடும். நீளத்தைக் காக்க விரும்பினால், ஆளிச்செடி நாரான லினனை நூற்பது போல ஈரநிலையில் நூற்கும் இயந்திரம் வேண்டும். அதற்கு முன் தண்டு சரியாக ஊறியிருக்க வேண்டும்: குறைவாக ஊறினால் பட்டை பிரியாது, மிகுதியாக ஊறினால் நாரே அழுகும்.

கேள்வி: ஒரே வயலில் விதையும் மென்மையான நாரும் எடுக்கலாமா?

பதில்: இயலாது. மென்மையான நாருக்குப் பூக்கும் தறுவாயில் அறுக்க வேண்டும்; விதை முற்றும்வரை விட்டால் நார் தடித்துவிடும்.

கேள்வி: நான்கு ஏக்கர் கணக்கு...

பதில்: இரண்டாம் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எங்களிடம் நிலம் உள்ளது. எந்த இரகம் விதைக்கலாம்?

பதில்: விதைப்பதற்கு முன் சட்ட அனுமதியையும், தண்டை உரிக்கும் ஆலை வண்டிச் செலவு கட்டுப்படியாகும் தூரத்தில் உள்ளதா என்பதையும் விசாரியுங்கள். ஆலை நாரை வாங்குகிறதா, உள்தண்டையும் வாங்குகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலைப் பொறுத்தே இரகம் அமையும்.