வாசகர் கேள்வி பதில்: பழைய பாய்மரப் படகுக்குப் பூச்சு அடிக்கும் முன்

கேள்வி: 1979இல் கட்டப்பட்ட 32 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றில் மூன்று ஆண்டுகளாக மலாக்கா நீரிணையில் சுற்றி வருகிறேன். அடுத்த பயணத்துக்கு முன், ஜனவரியில், லங்காவியில் ஆறு வாரம் கரையேற்றி வைக்க இடம் பிடித்திருக்கிறேன். பக்கங்களின் கருநீலம் வெளுத்துவிட்டது. தடவினால் சுண்ணாம்புபோலக் கையில் ஒட்டுகிறது. முதலில் அதற்கு ஸ்ப்ரே பூச்சு அடித்துவிட்டு, மீதி நாள்களில் அடிப்பாகத்தைக் கவனிக்கலாமா?
- ஒரு வாசகர், பினாங்கு

பதில்: திட்டத்தை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். வெளுத்த நிறத்தோடு இன்னும் இரண்டு பயணம் போய்வரலாம். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒரு குழாய்த்திறப்பு உடைந்தால் அன்றைக்கே படகு போய்விடும்.

ஆகவே, கரையேறிய முதல் நாளே அந்தத் திறப்புகளை மூடித் திறக்கும் கடல்நீர் வால்வுகள் ஒவ்வொன்றையும் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பளிச்சென்ற மஞ்சள் தெரிந்தால் நல்லது. இளஞ்சிவப்பாக, சொரசொரப்பாகத் தெரிந்தால், அது பித்தளை என்றும், அதிலிருந்த துத்தநாகத்தைக் கடல்நீர் கரைத்துச் சென்றுவிட்டது என்றும் பொருள். அதை மாற்றியே தீர வேண்டும், மாற்றுவது வெண்கலமாக இருக்க வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் முனைகளையும் அன்றே பூதக்கண்ணாடியால் பாருங்கள். மயிரிழை விரிசலோ அறுந்த இழையோ தென்பட்டால் பூச்சுக்கென்று ஒதுக்கிய பணம் அங்கே போகட்டும்.

அடிப்பாகத்தில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்களான கொட்டலசுகளைச் சுரண்டிக் கழுவிய கையோடு அடிப்பாகத்தில் கொப்புளங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், ஏனெனில் உலர்ந்தபின் அவை சில சமயம் அமுங்கி மறைந்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு ஒன்றைக் குத்தினால், பீறிட்டு வரும் நீர் பிசுபிசுப்பாகவும் காடி வாடையோடும் இருக்கும். பாலியெஸ்டர் பிசினுக்குள் பல்லாண்டுகளாக ஊறிய நீரின் வேலை அது. பத்திருபது கொப்புளங்கள்தாம் என்றால், திறந்து, தேய்த்து, நன்னீரால் பலமுறை கழுவி, நன்றாக உலரவிட்டு, எபாக்ஸி பட்டியால் அடையுங்கள். கார் பட்டறையில் கிடைக்கும் பாலியெஸ்டர் பட்டி மீண்டும் நீர் உறிஞ்சும். நூற்றுக்கணக்கில் இருந்தாலும் பதற வேண்டாம். கொப்புளத்தால் படகு மூழ்குவது மிக அரிது, ஆனால் அடிப்பாகம் முழுவதையும் உரித்து உலர்த்த ஆறு வாரம் போதாது. திறந்த கொப்புளங்கள் உலரும் நாள்களில்தான் மற்ற வேலைகளை முடிக்க வேண்டும் என்பதே அடிப்பாகத்தை முதலில் தொடச் சொல்வதற்குக் காரணம்.

எபாக்ஸி இறுகும்போது மேலே மெழுகுபோல ஒரு படலம் படியக்கூடும். அதைத் தண்ணீர்விட்டுத் தேய்த்துக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் தாள்தான் அடைத்துக்கொள்ளும். அடுத்த பூச்சும் ஒட்டாது. அடிப்பாகத்தின் பழைய பாசித்தடுப்புப் பூச்சை ஒருபோதும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசு நஞ்சு.

பக்கங்களுக்கு வருவோம். இரு பகுதிப் பாலியூரித்தேன் பூச்சில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு. அதை ஸ்ப்ரே செய்பவருக்கு வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி அவசியம், சாதாரண முகமூடி உதவாது. ரோலரால் உருட்ட ஒருவர், பின்னாலேயே தூரிகை நுனியால் நீவிவிட இன்னொருவர் என்று இருவர் இருந்தால் கண்ணுக்குக் குறையில்லாத வேலை கிடைக்கும். பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன் ஒரு பக்கத்தை முடித்துவிடுங்கள். சூடேறிய ஃபைபரில் பூச்சு நீவுவதற்குள் இழுத்துக்கொள்ளும். கருநிறம் வெயிலில் இன்னும் அதிகம் சூடேறும் என்பதால் இம்முறை கருநீலத்தை விட்டு வெள்ளைக்கு மாறச் சொல்வேன், உங்களுக்கு அது பிடிக்காது என்று தெரிந்தும்.

அடிப்பாகத்துக்கான பாசித்தடுப்புப் பூச்சு கடைசியில். மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தாம் அரிபடுவதற்கென்றே பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டிகளின் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது. பட்டால் அவை வேலை செய்யா. முட்டுக்கட்டைகள் மறைத்த இடங்களைப் படகு கிரேன் பட்டைகளில் தொங்கும்போதுதான் பூச முடியும் என்பதால், சிறிது நேரம் தொங்கவிடும்படி கிரேன்காரரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

கேள்வி: நண்பரிடம் மீந்த செம்புப் பாசித்தடுப்புப் பூச்சை என் அலுமினியப் படகுக்கு அடிக்கலாமா?
- ஒரு வாசகர், ஜொகூர்

பதில்: கூடாது. கடல்நீரில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கப்படும். அலுமினியத்துக்கென்றே செம்பு ஆக்சைடு இல்லாத பூச்சுகள் விற்கின்றன. பழைய டப்பாவில் ட்ரைபியூட்டைல் டின் (கடலுயிர்களுக்குக் கேடான பழைய பாசித்தடுப்பு நஞ்சு) என்று எழுதியிருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். கப்பல்களில் அதைப் பயன்படுத்துவதற்கான பன்னாட்டுத் தடை 2008 முதல் நடப்பில் இருக்கிறது.