மூன்று கொட்டேஷன், மூன்று விலை: இன்டீரியர் டிசைனர் பற்றி வாசகர் கேள்விகள்

வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். கிச்சன், இரண்டு வார்ட்ரோப், டிவி யூனிட், பூஜை ஷெல்ஃப். மூன்று டிசைனர்களிடம் கேட்டதில் 6.5 லட்சம், 8 லட்சம், 11 லட்சம் என்று மூன்று விலை வந்திருக்கிறது. வேலை ஒன்றுதானே, யாரை நம்புவது?

வேலை ஒன்று இல்லை என்பதுதான் விஷயம். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைசி வரியில் உள்ள தொகையை மறைத்துவிட்டுப் படியுங்கள். ஒருவர் வெறுமனே ‘பிளைவுட்’ என்று எழுதியிருப்பார். இன்னொருவர் ‘18 எம்எம், ஐஎஸ் 303, பிடபிள்யூஆர்’ என்று எழுதியிருப்பார். மூன்றாமவர் சிங்க் பகுதிக்கு மட்டும் ‘ஐஎஸ் 710’ என்று சேர்த்திருப்பார். ஐஎஸ் என்பது இந்தியத் தர எண். ஐஎஸ் 303 பொதுப் பயன்பாட்டு பிளைவுட். அதிலேயே எம்ஆர் ரகம் ஈரப்பதத்தை ஓரளவுதான் தாங்கும், பிடபிள்யூஆர் அதைவிட நன்றாகத் தாங்கும். 710 என்பது தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்கும் மரைன் பிளைவுட். வெறும் ‘பிளைவுட்’ என்று எழுதியவர் சைட்டுக்கு எதை இறக்கினாலும் நீங்கள் கேள்வி கேட்க முடியாது. பலகையில் ஐஎஸ்ஐ முத்திரைக்குப் பக்கத்தில் சிஎம்/எல் என்று தொடங்கும் எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் அனுமதி யாருக்கு, எந்தப் பொருளுக்குத் தரப்பட்டது என்று வந்துவிடும்.

அடுத்தது அளவு. ஒரு வார்ட்ரோபை எடுத்துக்கொள்வோம்: 7 அடி அகலம், 7 அடி உயரம், மேலே 2 அடி லாஃப்ட். ஒருவர் சதுர அடிக்கு 1,500 ரூபாய் சொல்கிறார், உள்ளே மூன்று டிராயர் சேர்த்து. லாஃப்டுக்கு 900. அப்படியானால் 49 சதுர அடிக்கு 73,500, லாஃப்ட் 14 சதுர அடிக்கு 12,600, மொத்தம் 86,100. இன்னொருவர் 1,300 என்கிறார். கேட்கக் குறைவாக இருக்கிறது. ஆனால் லாஃப்டுக்கும் அதே 1,300, டிராயர் ஒவ்வொன்றும் தனியாக 3,500. 63 சதுர அடிக்கு 81,900, டிராயருக்கு 10,500, ஆக 92,400. விலை குறைவாகச் சொன்னவரிடம்தான் அதிகம் கொடுக்கப் போகிறீர்கள்.

எனவே மூவரிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். பலகையின் ரகமும் தடிமனும், பின்பலகை எத்தனை எம்எம், வெளியே ஒட்டும் லேமினேட் ஷீட் 1 எம்எம்மா, உள்ளே லேமினேட் உண்டா பெயின்டா, கதவு ஹிஞ்சும் டிராயர் சேனலும் எந்த கம்பெனி எந்த மாடல், லாஃப்ட் எப்படி அளக்கப்படும், 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா. இதை எழுதித் தரத் தயங்குகிறவரை அங்கேயே விட்டுவிடலாம். எழுதித் தந்தபின் வித்தியாசம் ஒன்று ஒன்றரை லட்சமாகச் சுருங்கினால், நடுவில் உள்ளவரோ மேலே உள்ளவரோ தயங்காமல் எடுக்கலாம்.

இன்டீரியர் டிசைனருக்கு என்ன படிப்பு இருக்க வேண்டும்? லைசென்ஸ் ஏதாவது உண்டா? — கோவை வாசகி

ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு வேண்டும். இன்டீரியர் டிசைனருக்கு அப்படிக் கட்டாயப் பதிவு எதுவும் இந்தியாவில் இல்லை. ஐஐஐடி என்ற இந்திய இன்டீரியர் டிசைனர்கள் அமைப்பில் உறுப்பினராக இருக்கலாம், அது அவரவர் விருப்பம். சுவரை இடிப்பது, பீமில் கை வைப்பது என்று வந்தால் மட்டும் டிசைனரின் வார்த்தையை வைத்துச் செய்யாதீர்கள், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்டே ஆக வேண்டும்.

சான்றிதழைவிட நான் பெரிதாக நினைப்பது அவர் முடித்துக் கொடுத்த ஒரு பழைய வீடு. போன மாதம் முடித்த வீட்டைக் காட்டினால் பார்த்துவிட்டு, ‘மூன்று வருஷம் ஆன வீடு ஒன்று காட்டுங்கள்’ என்று கேளுங்கள். புது வீடு எல்லோருடையதும் பளபளவென்றுதான் இருக்கும். பழைய வீட்டில் நேரே சிங்க் அடியில் உள்ள கதவைத் திறந்து குனிந்து பாருங்கள். அடிப்பலகை உப்பியிருக்கிறதா, பைப் வரும் ஓட்டையைச் சுற்றிப் பலகை கறுத்திருக்கிறதா, ஓரத்தில் ஒட்டிய பட்டை விரல் பட்டால் கிளம்புகிறதா. பிறகு அரிசியும் பருப்பும் நிறைத்து வைத்த டிராயரை முழுக்க இழுங்கள், முன்பக்கம் தொங்கக் கூடாது. அந்த வீட்டு அம்மாவிடம், ‘கம்ப்ளெயின்ட் என்று கூப்பிட்டால் வருவாரா?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல அவர் எடுத்துக்கொள்ளும் நேரமே பாதி பதில்.

டிசைனர் தானே கடைக்குக் கூட்டிப்போகிறார். அவருக்கு அங்கே கமிஷன் உண்டா?

பல இடங்களில் உண்டு. டைல்ஸ், லைட், கர்ட்டன் எல்லாவற்றிலும் இருக்கலாம். தவறு கமிஷனில் இல்லை, அதை மறைப்பதில் இருக்கிறது. ‘உங்கள் ஃபீஸ் தனியாக எவ்வளவு, கடையில் வரும் தள்ளுபடி யாருக்கு?’ என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். டிசைன் ஃபீஸை முழுதாக வாங்கிக்கொண்டு, ‘பில் உங்கள் பெயரில், தள்ளுபடியும் உங்களுக்கே’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஃபீஸ் அதிகமாகத் தெரிந்தாலும் பேரம் பேசிக் குறைக்காதீர்கள்.

3டி படம் அருமையாக இருக்கிறது. 50 சதவீதம் முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? — திருச்சி வாசகர்

படத்துக்கு 50 சதவீதம் கொடுக்காதீர்கள். 3டியில் வெளிச்சம் அழகாக விழும், ஆனால் கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் ஸ்விட்ச் போர்டு மறைந்துபோவது அதில் தெரியாது. அளவு போட்ட வரைபடம் வேண்டும்: தரை பிளான், ஒவ்வொரு சுவரின் எலிவேஷன் (நேராகப் பார்க்கும் தோற்றம்), எலக்ட்ரிக்கல், பிளம்பிங், ஃபால்ஸ் சீலிங். கிச்சன் வரைபடத்தில் கிரைண்டர் எங்கே, மிக்ஸி எங்கே, ஓவனுக்கு 16 ஆம்ப் பிளக் எங்கே என்று குறித்திருக்க வேண்டும். ‘மாவு வீட்டில் அரைப்பீர்களா, கடையில் வாங்குவீர்களா?’ என்று கேட்காமலே கிச்சன் வரைகிறவர் உங்கள் கிச்சனை வரையவில்லை. ஃபால்ஸ் சீலிங் கொஞ்சம் உயரத்தை எடுத்துக்கொள்ளும், ஃபேன் எங்கே வருகிறது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

பணத்தை நான் இப்படிப் பிரிக்கச் சொல்வேன்: கையெழுத்தின்போது 10 சதவீதம், வரைபடம் இறுதியாகி மெட்டீரியல் எடுக்கும்போது 40, பெட்டிகள் சைட்டில் பொருத்தியதும் 30, ஷட்டர் எனும் கதவுகள், ஹேண்டில் எல்லாம் முடிந்ததும் 10, ஒரு மாதம் புழங்கிப் பார்த்துவிட்டுக் கடைசி 10. அந்தக் கடைசிப் பத்துதான் சரியாக மூடாத கதவைச் சரிசெய்ய ஆளை வரவழைக்கும்.

மதுரையில் வாடகை இடத்தில் பட்டுச்சேலைக் கடை போடப் போகிறேன். வீட்டு வேலை செய்யும் டிசைனரே போதுமா?

கடை வேலை செய்து பழகியவரே வேண்டும், குறிப்பாக லைட்டிங் தெரிந்தவர். சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் நிறம் பார்க்கும் வாடிக்கையாளரை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். கடை விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். விளக்கு நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு சிஆர்ஐ. அது 90க்கு மேல் உள்ள எல்இடி போட்டால் அரக்கும் மெரூனும் உள்ளேயே பிரிந்து தெரியும். விளக்கொளியின் நிறத்தைப் பொறுத்தவரை, அதிக மஞ்சளும் இல்லாமல் நீலமும் அடிக்காமல் 4,000 கெல்வின் அளவில் வைத்துக்கொள்ளலாம். டிசைனரிடம் சிஆர்ஐ பற்றிக் கேளுங்கள், அவருக்கு அது புதிய சொல்லாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மெத்தை விரித்து உட்கார்ந்து காட்டுவீர்களா, கவுன்டரா என்பதையும் முதலில் முடிவு செய்யுங்கள். மெத்தை என்றால் முட்டிவலிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே நாற்காலி வரிசை வேண்டும், பணம் கொடுப்பவர் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார். ரேக் அளவை மடித்த சேலையை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இடம் வாடகை என்பதால், ரேக்குகளைக் கழற்றி எடுத்துப் போகும்படி செய்யச் சொல்லுங்கள். எதை எடுக்கலாம், எது கட்டிடத்தோடு போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஏசி, லைட் எல்லாம் கூட்டிப் பார்த்து மின் இணைப்பின் லோடு போதுமா என்று வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். வேலை முடிவதற்குத் தேதியும், தாமதமானால் வாரத்துக்கு எவ்வளவு கழியும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். நீங்கள் அந்த நாட்களுக்கும் வாடகை கொடுக்கிறீர்கள்.

நான் துபாயில். திருநெல்வேலியில் அப்பா அம்மாவுக்காக வீட்டைப் புதுப்பிக்கிறேன். தூரத்திலிருந்து எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்களிடம் வீடியோ காலில் பேசும் டிசைனர், உங்கள் பெற்றோரிடம் நேரில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவாரா என்று பாருங்கள். வசிக்கப் போவது அவர்கள். அம்மா லாஃப்டில் ஏறி எதையும் எடுக்க முடியாது, அப்பாவுக்கு பாத்ரூமில் பிடிமானக் கம்பி வேண்டும். கம்பியைத் தாங்கும் இடத்தை டைல்ஸ் ஒட்டும் முன்பே முடிவு செய்ய வேண்டும். சறுக்காத டைல்ஸ், வெளிப்பக்கம் திறக்கும் பாத்ரூம் கதவு. உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. இதையெல்லாம் நீங்கள் சொல்லாமலே அவர் எடுத்துச் சொன்னால் அவரையே பிடித்துக்கொள்ளுங்கள்.

லேமினேட் ஒட்டும் முன், பலகையில் உள்ள முத்திரை தெரியும்படி ஃபோட்டோ கேளுங்கள். ஒட்டிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பணத்தை கம்பெனி கணக்குக்கே அனுப்புங்கள், ரொக்கம் வேண்டாம்.

பாதி வேலையில் நிறுத்திவிட்டு டிசைனர் போனை எடுப்பதில்லை. 4 லட்சம் கொடுத்திருக்கிறேன். — தாம்பரம் வாசகர்

இன்றைக்கே நின்றுபோன வேலையை அறை அறையாக வீடியோ எடுங்கள். கொட்டேஷன், பணம் அனுப்பிய ரசீதுகள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேருங்கள். பிறகு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ், 15 நாள் கெடு. வேறு ஆளை வைத்து முடிக்கும் முன், இதுவரை நடந்த வேலையின் மதிப்பை வெளியாள் ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். வேலை முடிந்துபோனால் எது யார் செய்தது என்று நிரூபிக்க முடியாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை அங்கேயே போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட்டாக வேண்டும். உங்களுடையது வீட்டு வேலை என்பதால் தடையில்லை. கடை, ஆபீஸ் வேலை என்றால் ‘வணிக நோக்கம்’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொந்தப் பிழைப்புக்காகத் தானே நடத்தும் தொழிலுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, ஆனாலும் அந்த வழக்குக்கு வக்கீலைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.