வேலையை விடாதீர்கள், முன்கதையை வெட்டுங்கள்

கேள்வி: விளம்பர நிறுவனத்தில் வாசகங்கள் எழுதும் வேலையில் இருக்கிறேன். வயது 36. அமெரிக்க சாகச எழுத்தாளர் க்ளைவ் கஸ்லரின் நாவல்கள் மீது பைத்தியம். கடலை மையமாக வைத்து 1,20,000 சொற்களில் ஒரு சாகச நாவல் எழுதி முடித்தேன். இரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. 'முன்கதையே நாற்பது பக்கம் ஓடுகிறது' என்றார் ஒரு பதிப்பாசிரியர். கஸ்லரும் விளம்பரத் துறையிலிருந்து வந்தவர்தானே? நானும் வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதலாமா? கற்றுக்கொள்ள அவருடைய எந்த நாவலில் தொடங்குவது?
(வாசகர், திருப்பூர்)

பதில்: வேலையை விட வேண்டாம். கஸ்லர் எழுத உட்கார்ந்தது 1965-ல். மனைவி உள்ளூர் காவல் துறையில் இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு பேச ஆளில்லாத அந்த நேரம்தான் அவருக்குக் கிடைத்த எழுத்து நேரம். முதல் புத்தகம் 'த மெடிட்டரேனியன் கேப்பர்' பேப்பர்பேக்காக அச்சேறியது 1973-ல். எட்டு ஆண்டுகள்! நடுவில் விளம்பர வேலையை விட்டது உண்மை. ஆனால் வீட்டில் உட்காரவில்லை. முக்குளிப்புக் கருவிகள் விற்கும் கடையில் சேர்ந்து, வாடிக்கையாளர் வராத நேரங்களில் எழுதினார். எழுத்தே பிழைப்பு என்ற நிலை 1976-ல் 'ரெய்ஸ் த டைட்டானிக்' வந்த பிறகுதான். அது அச்சில் வந்த மூன்றாவது புத்தகம். உங்களுக்கு இரவு 500 சொற்கள், வாரம் ஐந்து நாள் போதும். 36 வாரங்களில் 90,000 சொற்கள் சேர்ந்துவிடும்.

விளம்பரத் துறையிலிருந்து அவர் கொண்டுவந்த உண்மையான சரக்கு வேறு. எழுதுவதற்கு முன் சந்தையைப் பார்த்தார். அதுவரை வந்த தொடர் நாயகர்களை வரிசையாகப் படித்தார். துப்பறிவாளர்களும் உளவாளிகளும் குவிந்திருந்தார்கள். தண்ணீருக்கு அடியில் வேலை செய்யும் நாயகன்தான் இல்லை. அந்த இடத்தில் டர்க் பிட்டையும் 'நூமா' என்ற கற்பனைக் கடல் ஆய்வு அமைப்பையும் நிறுத்தினார். டர்க் என்பது கஸ்லருடைய மகனின் பெயர். உங்கள் நாயகன் எந்தக் காலி இடத்தில் நிற்கிறான் என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது முன்கதை. பதிப்பாசிரியர் சொன்னது சரி. கற்பதற்கு 'சஹாரா'வில் (1992) தொடங்குங்கள். (கதை முடிச்சைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) அதில் முன்கதை ஒன்றல்ல, இரண்டு. 1865-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில் தப்பியோடும் ஓர் இரும்புக் கவசக் கப்பல். 1931-ல் சஹாராவில் விழும் ஒரு பெண் விமானியின் விமானம். பிறகு கதை நிகழ்காலத்துக்கு, நைஜர் நதியில் பரவும் நச்சுக்கு வந்துவிடுகிறது. விமானத்தை வாசகர் மறந்தே போயிருப்பார். பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் சாகும் நிலையில் பிட்டும் அவன் நண்பன் ஜியார்டினோவும் அதே விமானத்தின் மேல் தடுக்கி விழுகிறார்கள். அதன் பாகங்களைக் கொண்டு பாய்மர வண்டி கட்டித் தப்புகிறார்கள். முன்கதை அங்கே அலங்காரமாக நிற்கவில்லை, நாயகனின் உயிரைக் காப்பாற்றும் கருவியாக மாறிவிடுகிறது. உங்கள் நாற்பது பக்கங்களில் நாயகன் பின்னால் கையில் எடுக்கப்போகும் பொருள் எது? அதையும், அது தொலைந்துபோன விதத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை வெட்டினால் பத்துப் பன்னிரண்டு பக்கத்தில் நின்றுவிடும்.

இந்த வகை நாவல் நடுவில் தொய்வதற்குக் காரணம், இரண்டு கதையோட்டங்கள் மிகத் தாமதமாகச் சந்திப்பது. ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஓர் அட்டையில் எழுதி, ஓட்டத்துக்கு ஒரு நிறம் கொடுத்து, தரையில் வரிசையாகப் பரப்புங்கள். பாதி வழி தாண்டியும் ஒரு நிறம் இன்னொன்றைத் தொடவில்லை என்றால் அத்தியாயங்களை இடம் மாற்றுங்கள். ஆராய்ச்சித் தகவலைத் தனிப் பத்தியாகக் கொட்டாதீர்கள். அழுத்தம், ஆழம், காற்று இவையெல்லாம் ஆபத்து நெருங்கும் நொடியில் நாயகன் போடும் கணக்காக வரட்டும்.

தகவல் பொய்த்துப்போகுமோ என்று பயப்படவும் வேண்டாம். நாவலில் டைட்டானிக்கை முழுக் கப்பலாகவே மிதக்கவைத்தார் கஸ்லர். 1985-ல் கண்டுபிடித்தபோது அது இரண்டாக உடைந்து கிடந்தது. புத்தகம் இன்றும் படிக்கப்படுகிறது. கற்பனை நூமாவின் பெயரிலேயே 1979-ல் லாபநோக்கற்ற அமைப்பையும் தொடங்கினார். அமெரிக்காவின் சார்ல்ஸ்டனுக்கு அருகே 1864-ல் மூழ்கிய ஹன்லி நீர்மூழ்கியை அந்தக் குழு 1995-ல் கண்டது, 2000 ஆகஸ்டில் அது மேலே தூக்கப்பட்டது. எழுத்தும் தேடலும் ஒன்றுக்கொன்று இப்படித் தீனி போட்ட வாழ்க்கை அபூர்வம். அவர் மீது எனக்கு உள்ள மதிப்பில் பெரும்பங்கு இதற்குத்தான்.

நூலைப் பதிப்பகங்களிடம் கொண்டுபோகும் முகவரைப் பிடிக்க, இல்லாத ஓர் ஏஜென்டின் பெயரில் லெட்டர்ஹெட் அச்சடித்துத் தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொண்டார் என்பது அவரே சொன்ன கதை. அதைப் பின்பற்றாதீர்கள். ஒரு பக்கச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள், தொடராக எழுதுவதானால் அடுத்த இரண்டு நூல்களின் கரு, இவ்வளவு அனுப்பினால் போதும்.

திரைப்பட உரிமையில் மட்டும் அவசரம் கூடாது. 1980-ல் வந்த 'ரெய்ஸ் த டைட்டானிக்' படம் பிடிக்காமல், நீண்ட காலம் உரிமை தர மறுத்தார். பிறகு கொடுத்த 'சஹாரா' 2005-ல் படமாகி, திரைக்கதை ஒப்புதல் பற்றிய வழக்கில் அவரைப் பல ஆண்டுகள் கட்டிப்போட்டது. 'ஒப்புதல்' என்றால் எதற்கு, எத்தனை நாளுக்குள், மறுத்தால் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

வெட்டித் திருத்திய பிறகும் இந்த நாவல் தேறவில்லையென்றால் கிழித்துப்போடாதீர்கள். பிட்டை வைத்து கஸ்லர் முதலில் எழுதிய 'பசிபிக் வோர்டெக்ஸ்' பெட்டியில் கிடந்து, 1983-ல்தான் அச்சேறியது. தேதி போட்டு எடுத்து வைத்துவிட்டு, அதே நாயகனோடு அடுத்ததைத் தொடங்குங்கள்.