1860-61இல் அமெரிக்காவிலிருந்து அதன் தென் மாநிலங்கள் பிரிந்தது மாநில உரிமைக்காகவா, அடிமை முறைக்காகவா?

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய இந்தக் கேள்விக்கு, "மாநில உரிமைக்காகத்தான்" என்று பலர் சொல்வார்கள். சரி, பிரிந்தவர்களே என்ன எழுதி வைத்தார்கள் என்று பார்ப்போம்.

முதலில் விலகியது தென் கரோலினா, 1860 டிசம்பர் 20 அன்று. நான்கு நாள் கழித்து அது ஏற்றுக்கொண்ட காரண அறிக்கையை அவசியம் படியுங்கள். தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தருவதில்லை என்பதுதான் அதன் பெரிய மனக்குறை. நியூயார்க் வழியாக அடிமையைக் கூட்டிப் போகக்கூட விடுவதில்லை என்று பெயர் சொல்லியே குற்றம் சாட்டுகிறது. நியூயார்க் தன் எல்லைக்குள் தன் சட்டத்தைப் பயன்படுத்தியது. அதுவும் மாநில உரிமைதானே? அதை எதிர்த்துத்தான் இவ்வளவு கோபம்!

பிரிந்த இன்னொரு மாநிலமான மிசிசிப்பி சுற்றி வளைக்கவே இல்லை. தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்றே எழுதியது. அப்புறம், 1861இல் பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து இயற்றிய அரசியல் சட்டம், தங்கள் கூட்டமைப்பின் எந்த மாநிலத்துக்கும் அடிமைகளோடு போய்த் தங்கும் உரிமையைக் குடிமக்களுக்குத் தந்தது. அதைத் தடுக்கும் உரிமை மாநிலத்துக்கு இல்லை.

விலகச் சட்டத்தில் இடமுண்டா என்பது தனிக் கேள்வி. 1869இல் டெக்சாஸ் எதிர் வைட் வழக்கில், ஒரு மாநிலம் தானாக விலக முடியாது; புரட்சியாலோ மற்ற மாநிலங்களின் சம்மதத்தாலோ மட்டுமே முடியும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.